ஆளுக்கொரு கன்சர்டினா

புதுக் கன்சர்டினாவின் ஆறு திருகாணிகளையும் கழற்றி, மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியில் வட்டமாக அடுக்கியிருந்தாள் அசம்ப்டா. எந்த ஆணி எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே ஓட்டைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். படுக்கையில் கிடந்தபடி அவள் தம்பி செனன் காலையிலிருந்து இதையே ஓதிக்கொண்டிருந்தான்.

"எனக்கொண்ணும் காது போயிடல. சும்மா கிட."

"காது இருக்கு, கை நடுங்குதே. மூச்சை அது மேல விடாதக்கா. ஈரம் பட்டா உள்ள இருக்கிற ரீடு நாக்கு துருப்பிடிக்கும்."

"மூச்சு விடாம நான் எப்படிடா இருக்கிறது?"

"நான் பழகிட்டு வரேன்ல. நீயும் பழகிக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறைத்தது. இதயம் களைத்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய அதே வாரத்தில்தான் கன்சர்டினாவும் வந்து சேர்ந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதை எல்லா வீட்டிலும் நடக்கும். இந்த அக்கா தம்பியின் ஹெஹிர் வீட்டில் கொஞ்சம் சத்தமாக நடந்தது.

அயர்லாந்தின் மேற்கு கிளேரில், இரு கையிலும் பிடித்துத் துருத்தியை இழுத்து வாசிக்கிற கன்சர்டினா இல்லாத வீடு அதிகம் கிடையாது. இந்த வீட்டிலும் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. அதுதான் வம்பு. அம்மா விட்டுப்போன அந்த ஆறுமூலைப் பெட்டிக்கு இரண்டு பிள்ளைகள் போட்டி. ஒருத்தர் வாசிக்கும்போது இன்னொருத்தர் கோழிக்குத் தீனி போட வேண்டும், கரி எடுத்து வர வேண்டும். பிறகு முறை மாறும். அக்காவுக்கும் தம்பிக்கும் கல்யாணம் ஆகவில்லை, தலை நரைத்தது, அந்த ஏற்பாடு மட்டும் மாறவேயில்லை. இரண்டு பேரும் ஊர் மெச்ச வாசிப்பார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட சேர்ந்து வாசித்ததில்லை. எப்படி வாசிப்பது? துருத்தி ஒன்றுதானே.

பர்ரன் மலைப்பக்கம் ஒரு பெண் தன் கையாலேயே கன்சர்டினா செய்கிறாள் என்று கேள்விப்பட்டு, செனன்தான் அவளிடம் பெயர் கொடுத்து வைத்தான். அவளிடம் காத்திருக்கும் கூட்டம் பெரிது. காத்திருந்து காத்திருந்து, ஆர்டர் கொடுத்ததையே அசம்ப்டா மறந்துபோனபோது அவள் தானே காரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அதை வைக்கிற மரக்கூடு இன்னும் தயாராகவில்லை என்று கம்பளியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தாள். போகும்போது நிறையச் சொன்னாள். தினமும் வாசிக்க வேண்டும். பிடித்த பொத்தான்களை மட்டும் கொஞ்சக் கூடாது, எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தாமல் துருத்தியை இழுக்கக் கூடாது. அடுப்புப் பக்கம் ஆகாது, மழை ஆகவே ஆகாது. முதல் வருஷம் எப்படிப் பழக்குகிறீர்களோ அப்படித்தான் ஆயுசுக்கும் இருக்கும். செனன் இவற்றை ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டான். அடுக்களையிலேயே, அடுப்புக்குத் தள்ளி, பின்பக்க ஜன்னலோரம் தன் கட்டிலைப் போடச் சொன்னான். கன்சர்டினாவுக்கு எந்த இடம் நல்லதோ அதுதான் தனக்கும் நல்லது என்றான்.

அசம்ப்டாவுக்குப் புதுசைப் பிடிக்கவில்லை. தோல் விறைப்பாக இருந்தது. இழுத்தால் வர மறுத்தது, விட்டால் தானே மூடிக்கொள்ளப் பார்த்தது. குரலோ, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற குரல். புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும் என்று தம்பி சொன்னான். அவள் அவனுக்காகக் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, அவன் கண்ணயர்ந்ததும் பழசை எடுத்துக்கொள்வாள். அது காற்று ஒழுகும், இரண்டு பொத்தான் இருமும். ஆனால் அவள் நினைப்பதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும்.

இன்றைக்குக் காலையில் புதுசின் இடதுபக்கத்தில் ஒரு பொத்தான் ஊமையாகிவிட்டது. துருத்தியை அமுக்கும்போது பேசுகிறது, இழுக்கும்போது பேசவில்லை. அசம்ப்டாவுக்குப் பயம் வந்துவிட்டது. உடனே பர்ரனுக்கு போன் போட வேண்டும் என்றாள். செனனுக்கோ முகமெல்லாம் வெளிச்சம்.

"தூசிதான். புதுசுல மரத்தூள் இருக்கும், வெளிய வரும். அடடா, உள்ள எப்படி இருக்குன்னு பாக்க ஒரு சாக்கு கிடைச்சுதே! திருப்புளியை எடு."

ரீடுகள் பதித்த தட்டை அவள் இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். பித்தளைச் சட்டங்களில் ஸ்டீல் நாக்குகள் சுற்றிவர வரிசையாகப் படுத்திருந்தன. செனன் வெகுநேரம் பார்த்தான்.

"எவ்வளவு சுத்தமா பண்ணியிருக்கா பாருக்கா. ஒருத்தரும் திறந்து பாக்கப்போறதில்ல. இருந்தாலும் பண்ணியிருக்கா."

"எந்த நாக்குன்னு சொல்லு. கை கடுக்குது."

"அந்தா. மெல்லிசு காகிதத்தை அடியில விட்டு மெதுவா உருவு. ஒரே பக்கமா உருவு. ம்ம். இப்ப மூடு. ஆணி இடம் மாறுச்சோ, செத்தாலும் விடமாட்டேன்."

மூடினாள். ஒவ்வொரு ஆணியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவந்து இறுக்கினாள். தோல்வாரில் கையை நுழைத்து, அந்தப் பொத்தானை அழுத்தி இழுத்தாள். சுரம் முழுசாக, வட்டமாக, அடுக்களை பூராவும் நிறைந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சுடா!" என்று குதித்தேவிட்டாள். எழுபது தாண்டிய முட்டிகள் எல்லாம் அப்போது நினைவில்லை.

"பழசை எங்கிட்ட குடு. குடுக்கா, சீக்கிரம். எடு ஒரு மெட்டை."

புதுசை இழுக்க அவனுக்குத் தெம்பில்லை. பழசு என்றால் இரண்டு விரல் போதும், தானே வரும். அவன் படுத்தபடி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டான். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இரண்டும் சேர்ந்து எழுந்தபோது அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. அவன் நடுவில் விட்டுவிடுவான், மூச்சு வாங்கியதும் எங்கே விட்டானோ அங்கே வந்து சேர்ந்துகொள்வான். அவள் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அவனுக்குக் கோபம் வரும்.

கதவு தடாலென்று திறந்தது. பக்கத்து வீட்டு நோனி டால்டி, கையில் சுடச்சுட சோடா ரொட்டியோடு நின்றாள்.

"ரோடு வரைக்கும் கேக்குது. நோயாளி வீடு மாதிரியா இருக்கு? கல்யாண வீடு தோத்துடும்."

"சாகிறதுக்கு முன்னாடியே சாகணுமா நோனி?" என்றான் செனன்.

"வாசி, வாசி. யாரு வேணாம்னா? அப்புறம் ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டுல சத்தம் வரக் கூடாதுல்ல." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் வாத்தியத்தைத் தொடுவதில்லை என்பது அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம்.

செனனின் முகம் மாறியது. தன் சாவைப் பற்றி எத்தனையோ நகைச்சுவை வைத்திருந்தான். இதை அவன் யோசித்திருக்கவில்லை.

"ஒரு வருஷமா? முதல் வருஷம் பட்டினி போட்டா துருத்தி கட்டையாயிடுமே. அப்புறம் யாரு வந்தும் திருத்த முடியாது."

"ஊர் வழக்கம்டா. நான் என்ன பண்ண?" என்றாள் அசம்ப்டா.

"வழக்கம் புதுசுக்குத்தான். பழசை நீ போர்வைக்குள்ள மூடிக்கிட்டு திருட்டுத்தனமா வாசிப்ப. நான் தூங்கறேன்னு நினைச்சியா ராத்திரியெல்லாம்?"

அவள் ரொட்டியை வெட்டப் போனாள்.

"நோனி, நீதான் சாட்சி. பழசை என் கால்மாட்டுல வெச்சு அனுப்பிடுங்க. அது இருக்கிற வரைக்கும் இவ புதுசைத் தொடமாட்டா."

அந்த ஊரில் சவப்பெட்டியில் சீட்டுக்கட்டு போயிருக்கிறது, புகைக்குழாய் போயிருக்கிறது, மட்டைப்பந்துக் கட்டைகூடப் போயிருக்கிறது. நோனி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆண்டவர்மேல ஆணை. என் கையாலயே வைக்கிறேன்."

அசம்ப்டாவின் கத்தியில் ரொட்டி ஒரே அளவாக வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

மத்தியானம் கரி எடுக்க முற்றத்துக்குப் போனாள். வாளியோடு திரும்பி வந்தபோது பழசு அவன் வயிற்றின்மேல் இருந்தது. அவன் மூச்சுக்குத் தக்கபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்த அது இப்போது அசையவில்லை. வாளியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். அவன் விரல்களைத் தோல்வாரிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள். தம்பியின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, நோனி வரும்வரை அழுதாள்.

நோனி வந்ததும் கடிகாரத்தை நிறுத்தினாள், கண்ணாடிமேல் துணி போட்டாள், ஆன்மா வெளியே போகட்டும் என்று பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். நவம்பர் மாதத்துக் கடல்காற்று ஈரத்தோடு உள்ளே வந்தது.

"சாத்து நோனி."

"அவன் போக வேண்டாமா?"

"அவன் எப்பவோ போயிருப்பான். காத்து கன்சர்டினா மேல அடிக்குது. சாத்து."

சவப்பெட்டி முன்னறையில் வைக்கப்பட்டதிலிருந்து வீடு நிரம்பி வழிந்தது. வருகிறவர்கள் வரிசையில் நின்று அவள் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்" என்றார்கள். பிறகு செனனைப் பார்த்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள், பன்றிக்கறி சாண்ட்விச்சும் தேநீரும் விஸ்கியும் இருந்த பக்கம் போனார்கள். நோனி அடுப்பை அணையவிடவில்லை. உள்ளே வெக்கை, கதவைத் திறந்தால் ஈரம். அசம்ப்டாவின் ஒரு கண் தம்பிமேல், இன்னொரு கண் ஜன்னலோரத்து அட்டைப்பெட்டிமேல். அதன்மேல் ஒருவர் தேநீர்க் கோப்பையை வைத்ததைப் பார்த்ததும் அவளால் பொறுக்கவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, புதுசை மட்டும் எடுத்துத் தன் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள்.

பழசின் மரக்கூடு அங்கே இருந்தது. கெட்டியான ஆறுமூலைக் கூடு. புதுசை உள்ளே இறக்கிப் பார்த்தாள், அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. துருத்தி விரியவும் இடமில்லை, யாராவது மேலே உட்கார்ந்தாலும் உடையாது. கொக்கியை மாட்டி அலமாரி உச்சியில் வைத்தாள். அப்படியானால் பழசு? அதைத் துண்டில் சுற்றி, கடைக்குப் போகிற பைக்குள் போட்டு, அலமாரிக்குள் குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் தள்ளினாள். கூட்டத்தில் நோனி மறந்துவிடுவாள். மறக்காவிட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். செத்தவன் எழுந்து வந்து கேட்கவா போகிறான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியோடு வெளியே வந்தபோது, நோனியின் அண்ணன் பெரிய டால்டி ஜன்னலோரத்து அட்டைப்பெட்டிமேல் தொம்மென்று உட்கார்ந்தார். பெட்டி அப்பளமாயிற்று. அசம்ப்டா கத்த வாயைத் திறந்தாள். காலிப் பெட்டி என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"உட்காருங்க, உட்காருங்க. இன்னொரு தேத்தண்ணி?" என்றாள்.

மறுநாள் காலை மைக்கோ வந்தார். அந்த ஊரில் ஆணியிலிருந்து சவப்பெட்டி வரைக்கும் விற்பவர் அவர்தான். அசம்ப்டா தம்பியின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். மூடி வைப்பதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று கோட்டு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். வெளியே காலடிகள், பிறகு கார் கதவுகள். கோட்டை மாட்டிக்கொண்டு, தைரியத்துக்காக அலமாரி உச்சியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

கையில் தூசி மட்டும் வந்தது.

"நோனி! அலமாரி மேல இருந்த கூடு எங்கடி?"

வாசலில் கறுப்புத் தொப்பியோடு நின்ற நோனியின் கண்கள் நிறைந்திருந்தன. "வெச்சாச்சு. கால்மாட்டுல, அவன் சொன்னபடியே. உனக்குத் தாங்காதுன்னுதான் உன்கிட்ட சொல்லாம எடுத்தேன்."

அசம்ப்டா உள்ளே பாய்ந்தாள். கோட்டுகளைத் தள்ளி, கடைப்பையை இழுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். சவ வண்டி அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டது. நோனியின் சின்னச் சிவப்புக் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"விடு. மைக்கோவை மடக்கு."

"எதுக்கு?"

பையை விரித்துக் காட்டினாள். நோனி உள்ளே பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள்.

"இது பழசு."

"ஆமா."

"அப்ப கூட்டுக்குள்ள..."

"ஆமாடி!"

"அடிப்பாவி. சாகிறவன் வாய்திறந்து கேட்டதை ஒளிச்சு வெச்சியா? நான் ஆண்டவர்மேல ஆணை வெச்சிருக்கேன்!"

"திட்டறதை அப்புறம் திட்டு. வண்டியை எடு. அது மண்ணுக்குள்ள போயிடும்!"

வண்டியை எடுத்தாள். எடுத்து என்ன பயன்? முன்னால் சவ வண்டி, அதற்கும் முன்னால் ஊரே நடந்து போகிறது. சவ வண்டியை முந்துகிறவன் அடுத்ததாக அதிலேயே போவான் என்பது கிளேரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். நோனி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "செத்தாலும் முந்தமாட்டேன்" என்றாள். ஊர்வலம் ஆமையாக நகர்ந்தது. செனன் பால் ஊற்றிய கூட்டுறவுக் கட்டடத்தின் முன் மரியாதைக்காக வண்டி நின்றது. அவன் சனிக்கிழமைகளில் வாசித்த மதுக்கடை வாசலில் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றது. கடைக்காரர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"குப்புற வெச்சியா, பக்கவாட்டுல வெச்சியா?" என்றாள் அசம்ப்டா.

"எதை?"

"கூட்டை. பக்கவாட்டுலதான் வைக்கணும். இல்லாட்டி ரீடு தொங்கும்."

"சவப்பெட்டியில வெச்சேன்டி. அது எந்தப் பக்கமா படுத்தா என்ன?"

அசம்ப்டா கைகளைப் பிசைந்தாள். இரண்டு வாரமாக அதைத் திட்டிக்கொண்டே தொட்டவள் அவள்தான். இப்போது அந்த விறைத்த தோலும், அந்தக் கத்துகிற குரலும், ஊமையாகிப் பிறகு பேசிய அந்தப் பொத்தானும் கண்முன்னால் வந்து நின்றன. அது வேண்டும். எப்படியாவது வேண்டும். தம்பி போன துக்கத்தின் நடுவில் இப்படி ஒரு தவிப்பு வரலாமா என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் வந்தது.

தேவாலய வாசலில் மைக்கோவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மைக்கோ, திறக்கணும்."

"எதைக்கா?"

"சவப்பெட்டியை."

மைக்கோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மூடச் சொல்லிக் கூப்பிடுவாங்க. திறக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லக்கா."

பூசைக்கு உடுத்திக்கொண்டு நின்ற ஃபாதர் லிலிஸ் வந்தார். "என்னம்மா, உயிர் இருக்கான்னு சந்தேகமா?"

"அவன் போயிட்டான் ஃபாதர். போகக் கூடாத ஒண்ணு கூடப் போயிடுச்சு. புது கன்சர்டினா."

ஃபாதரும் கிளேர்க்காரர்தான். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "உள்ள தள்ளுங்க, உள்ள தள்ளுங்க" என்றார். சக்கரத்தில் நின்ற சவப்பெட்டியை, பீடத்துக்குப் பின்னால் உடை மாற்றும் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஜனங்கள் இருக்கைகளில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூடி எழுந்தது. செனன் இருந்தபடியே இருந்தான். கால்மாட்டில் மரக்கூடு, நல்லவேளையாகப் பக்கவாட்டில். அசம்ப்டா அதை வெளியே எடுத்து, கொக்கியைக் கழற்றி, புதுசைக் கையில் வாங்கினாள். அடிபட்டதா, குளிர் தாக்கியதா என்று தெரிய வேண்டுமே. இடம் பொருள் ஏவல் எல்லாம் மறந்துபோய், கீழிருந்து மேலே எல்லாப் பொத்தான்களையும் வரிசையாக அழுத்தி இழுத்தாள். கல் சுவர் அந்தக் குரலை வாங்கிப் பெரிதாக்கி வெளியே அனுப்பியது. பீடத்துக்குப் பின்னால், செத்தவன் இருக்கிற அறையிலிருந்து கன்சர்டினா கேட்டதும் பெரிய டால்டி முழங்காலில் விழுந்துவிட்டார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஒரு சுரம்கூடப் பழுதில்லை. அதைவிட, இழுத்த இழுப்புக்குத் துருத்தி வந்தது. விறைப்பு இருந்தது, ஆனால் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. எப்போது பழகிற்று, அவளுக்கே தெரியவில்லை. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீரும் வந்தது.

"முடிஞ்சுதாம்மா? மூடலாமா?" என்றார் ஃபாதர்.

மைக்கோ மூடியில் கை வைத்தார். பிறந்ததிலிருந்து வாய் ஓயாத நோனி, நாற்காலிமேல் இருந்த கடைப்பையைப் பார்த்தபடி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். மூடச் சொல்லிவிடலாம். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

அசம்ப்டா பைக்குள் கையைவிட்டுத் துண்டை விலக்கினாள். விரல்பட்டுத் தேய்ந்த பொத்தான்கள். அம்மாவின் விரல், அவள் விரல், அவன் விரல். சத்தமில்லாமல் காற்றை மட்டும் வெளியேவிடுகிற பொத்தானை அழுத்தி, துருத்தியைக் கடைசிவரை மெதுவாக மூடினாள். கூட்டுக்குள் இறக்கினாள். கொக்கியை மாட்டினாள். தம்பியின் கால்மாட்டில் வைத்து, அசையாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"சரிடா. உன் முறை" என்றாள்.

மைக்கோ மூடினார்.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கடலோரத்து மழை மேலிருந்து வருவதில்லை, பக்கத்திலிருந்து வரும். அக்கம்பக்கத்தார் தோண்டி வைத்திருந்த குழியில் செனனை இறக்கினார்கள். ஜெபம் முடிந்தது. வழக்கப்படி யாராவது ஒரு மெட்டு வாசிக்க வேண்டும். அதற்காக வந்திருந்த ஃபிடில்காரர் பெட்டியைத் திறக்கலாமா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அசம்ப்டா கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். கூடு மண்ணுக்குள் போய்விட்டதால், புதுசைக் கோட்டுக்குள் வைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள்.

"நான் வாசிக்கிறேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நோனி அவள் முழங்கையைப் பிடித்தாள். "என்னடி இது? செத்த வீட்டுக்காரி நீ. ஒரு வருஷம் வீட்டுல சத்தம் கூடாதே."

"இது வீடா?"

நோனி சுற்றிலும் பார்த்தாள். சிலுவைகளும் புல்லும் மழையும்தான் இருந்தன. "இல்ல" என்று ஒப்புக்கொண்டாள். "அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு உன் கார்ல உட்கார்ந்து வாசிக்கிறேன்."

"என் கார்லயா? ஒரு வருஷமா?"

"ஹீட்டரை மட்டும் போடாத. அதுக்கு ஆகாது."

யாரோ சிரித்தார்கள். ஃபாதர் லிலிஸாகக்கூட இருக்கலாம். அசம்ப்டா குழியின் விளிம்புக்கு வந்து, தோல்வாரில் இரண்டு கைகளையும் நுழைத்தாள். மழைத்துளி ஒன்று மெருகு போட்ட மரத்தின்மேல் விழுந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது தாங்காது.

ஃபாதரின் தலைக்குமேல் மைக்கோ பிடித்திருந்த பெரிய கறுப்புக் குடைதான் முதலில் நகர்ந்தது. அடுத்தது நோனியின் பூப்போட்ட குடை. பிறகு பெரிய டால்டியின் குடை, பேர் தெரியாத ஒருத்தருடையது, ஃபிடில்காரருடையது. எல்லாம் சாய்ந்து, கன்சர்டினாவுக்கு மேலே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஒரு கூரையாயின. பிடித்தவர்கள் எல்லோரும் நனைந்தார்கள். ஃபாதரின் வழுக்கையில் தண்ணீர் ஓடியது. அசம்ப்டாவின் நரைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். பாதி மெட்டில், கை நிற்காமலே, தலையை மட்டும் திருப்பினாள்.

"நோனி, இடது பக்கம் சாரல் அடிக்குது. கொஞ்சம் தள்ளிப் பிடி."

நோனி தள்ளிப் பிடித்தாள்.